எலைசா கிட்டுடன் வேலை தொடங்கும் தம்பிக்கு



புற்றுநோய் சம்பந்தமான புரதங்களை ரத்தத்தில் அளந்தறியும் ஆய்வகத்தில் நீ சேர்ந்திருக்கும் செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. 96 குழிகள் கொண்ட சிறு தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி, சீரத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ள, அதன்மேல் இரண்டாவது ஆன்டிபாடி வந்தமர, அதனோடு பிணைந்த என்சைம் நிறமற்ற திரவத்தை நீலமாக்கி, அமிலம் பட்டவுடன் நீலம் மஞ்சளாகி, 450 நானோமீட்டர் ஒளியில் கருவி அதனை ஓர் எண்ணாக உரைக்கும் அந்தக் காட்சி, 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் எலைசா என்னும் இம்முறையை வெளியிட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும், எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆயினும், கருவி பிரத்தியட்சமாகக் காண்பது மஞ்சள் நிறத்தைத்தான். இன்ன புரதம், இன்ன அளவு என்று நாம் சொல்வதெல்லாம் அனுமானம். கிட் வரும் பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரையே பிரமாணமாகக் கொண்டு அந்த அனுமானத்தைச் செய்துவிடாதே என்பதே நான் உன்னிடம் சொல்ல விரும்புவது.

டொராண்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பிரசாஸ், டயமண்டிஸ் முதலிய விஞ்ஞானிகள், கணையப் புற்றுநோய்க்கு அறிகுறியாகலாம் என்று கருதப்பட்ட சி.யு.இசட்.டி.1 என்னும் புரதத்தை, விலைக்கு வாங்கிய கிட்டினால் நோயாளிகளின் சீரத்தில் அளந்து, நம்பிக்கையூட்டும் முடிவுகளையும் கண்டார்கள். பின்னர் அந்த ஆன்டிபாடி உண்மையில் எதைப் பிடிக்கிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கொண்டு சோதித்தபோது, அது பிடித்தது சி.ஏ.125 என்ற முற்றிலும் வேறான புரதம் என்று தெரிந்தது. இரண்டு வருஷ உழைப்பும் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலரும் வீணாயின. அவர்கள் அதை மறைக்காமல் பிரசுரித்ததனால்தான் நாம் இன்று அறிகிறோம். அந்த நேர்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அளவு தெரிந்த ஸ்டாண்டர்டைக் கொண்டு வரைந்த வளைகோடு அழகாக அமைந்தது என்று நீ திருப்தியடையக்கூடும். ஆனால் அந்த வளைகோட்டுக்குரிய ஸ்டாண்டர்டும் அதே பெட்டியில் வந்ததாகையால், அது பெட்டிக்குச் சாட்சியாக மாட்டாது. வேறிடத்தில் தயாரான தூய புரதத்தைக் கொடுத்து, கிட் அதை அடையாளம் காண்கிறதா என்று முதலில் பார். பிறகு சீரத்தை இருமடங்கும் நான்மடங்கும் நீர்க்கச் செய்து, பெருக்கிக் கண்ட அளவு மாறாதிருக்கிறதா என்று பார். புரதம் மிதமிஞ்சி இருக்குமானால் இரு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பிவிட, நிறம் குறைந்து, மிக முற்றிய நோயே சாதாரணமாகத் தோன்றுவதும் உண்டு. நீர்க்கச் செய்தால்தான் அது வெளிப்படும்.

நோயாளியின் ரத்தத்திலேயே, கிட்டின் இரு ஆன்டிபாடிகளையும் புரதமே இல்லாமல் இணைத்துவிடும் வேறு ஆன்டிபாடிகள் இருக்கலாம். எச்.சி.ஜி. என்னும் கர்ப்பகால ஹார்மோனின் ரத்தப் பரிசோதனையில் இப்படித் தோன்றிய பொய்யான எண்ணை நம்பி, இல்லாத புற்றுநோய்க்குக் கடுமையான மருந்துகளை ஏற்றுக்கொண்டும், கருப்பையையே இழந்தும் துன்புற்ற பெண்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அந்த ஆன்டிபாடிகள் சிறுநீரில் இறங்குவதில்லையாதலால், எளிய சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

தட்டைக் கழுவுவதைப் பற்றியும் பிப்பெட் பிடிப்பதைப் பற்றியும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கை பழகும். கிட்டின் தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண்ணை மட்டும் ஒவ்வொரு முறையும் குறித்து வை, ஏனெனில் லாட் மாறும்போது ஆன்டிபாடியின் குணமும் மாறக்கூடும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்ட கிட்டிலிருந்து வந்த எண்ணை, யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், நோயாளியின் அறிக்கையில் எழுதாதே.

அன்புடன்,
உன் அண்ணன்