கொனோரியாவுக்கு ஏன் தடுப்பூசி இல்லை?

கேள்வி: எத்தனையோ நோய்களுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவுக்கு மட்டும் ஏன் இல்லை?

பதில்: கிருமி பலே கில்லாடி. மேற்புறப் புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கும். வந்து குணமானவருக்கே மறுபடியும் தொற்றும். நோயே தராத எதிர்ப்புசக்தியை ஊசி தருவது லேசா?

வழி தற்செயலாகத்தான் புலப்பட்டது. நியூசிலாந்தில் 2004 முதல் பி வகை மூளைக்காய்ச்சலுக்காக இளவயதினர் சுமார் 10 லட்சம் பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள். பிற்பாடு கணக்குப் பார்த்தால், போட்டுக்கொண்டவர்களிடம் கொனோரியா ஏறத்தாழ 31 சதவீதம் குறைவு! இரண்டு நோய்களின் கிருமிகளும் பங்காளிகள். மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே. அந்த வழிவந்த ஊசியை 2025 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில், தொற்று அபாயம் அதிகமுள்ள தன்பால், இருபால் ஈர்ப்பு ஆண்களுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். அரைகுறைப் பாதுகாப்புதான். ஆனால் ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்றுவரும் நிலையில், என்னைக் கேட்டால் அதுவே லாபம். கொனோரியாவுக்கென்றே தயாராகும் ஊசிகள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன.