புதிதாய் வாங்கிய பழைய கடிகாரம்

முன்னுரை

காலம் கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனை அளக்கும் கருவியோ கண்ணுக்கு விருந்தாகிறது. பாசறையில் மன்னனுக்குப் பொழுதறிந்து கூறிய நாழிகைக் கணக்கரையும் அவர் பயன்படுத்திய நீர்க்கன்னலையும் முல்லைப்பாட்டில் காண்கிறோம். கி.பி. 1206இல் அல்ஜஸரீ என்னும் அறிஞர் அரபு மொழியில் எழுதி முடித்த பொறியியல் நூலில், யானையின் வயிற்றுக்குள் நீர்த்தொட்டியை மறைத்து வைத்து இயக்கும் கடிகாரம் ஒன்று படத்துடன் விளக்கப்பட்டுள்ளது. இவை அரசுக்கும் அவைக்கும் உரிய கருவிகள். தனியொரு மனிதன் காலத்தைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு நடந்தது மிக அண்மைக் காலத்துச் செய்தியாகும்.

இன்று கைப்பேசியே நேரத்தைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. ஆயினும் கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கி, வாங்கியதை ஒத்த உள்ளத்தாரிடம் காட்டி மகிழும் ஆர்வலர் உலகெங்கும் உளர். நம் நாட்டிலும் உளர். இவர்தம் ஆர்வம் வெறும் ஆடம்பரம்தானா? அன்றி, மாணவர் கற்கத்தக்க நெறி ஏதேனும் அதனுள் உண்டா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிக்கட்டுக்கு வந்த வரலாறு

நேப்பிள்ஸ் நாட்டு அரசியின் விருப்பப்படி, பாரிசில் தொழில் நடத்திய ப்ரெகே என்னும் கடிகாரக் கலைஞர் 1810இல் தொடங்கி 1812இல் முடித்துக் கொடுத்ததே கைக்கடிகாரங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. அதன்பின் நூறாண்டுக் காலம் கைக்கடிகாரம் பெண்டிர்க்குரிய அணியாகவே எண்ணப்பட்டது. ஆடவர் சங்கிலியில் கோத்த கடிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தனர். வானூர்தியின் பிடியை விட்டுக் கையெடுக்க இயலாத சாந்தோஸ் துமோந்த் என்னும் வானோடிக்காகக் கார்த்தியே நிறுவனத்தார் 1904இல் ஒரு கைக்கடிகாரம் செய்தளித்தனர். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், குறித்த நொடியில் தாக்குதல் தொடங்க வேண்டிய தேவை எழவே, கைக்கடிகாரம் போர்வீரனின் கருவியாயிற்று. போர் முடிந்து திரும்பியவர் அதனைக் கழற்றவில்லை. அணியாக இருந்தது கருவியாக மாறிய வரலாறு இது. இன்று அதே பொருள் கருவி நிலையிலிருந்து மீண்டும் அணியாகிக்கொண்டிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இருவகைத் துடிப்பு

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உள்ளே சுருண்ட எஃகு வில் ஒன்று உண்டு. நாம் காலையில் சாவி கொடுக்கும்போது அவ்வில் இறுகுகிறது. இறுகியது மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. தடையின்றி விரிய விட்டால் முள் நொடிப்பொழுதில் ஓடிவிடும். ஆகவே, மயிரிழை போன்ற மற்றொரு வில்லுடன் இணைந்து முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம், அவ்வாற்றலைச் சிறுகச் சிறுக அளந்து விடுகிறது. மணிக்கு 18,000 துடிப்பு என்பது இத்தகைய பழைய கடிகாரங்களின் பொதுவான அளவு. அஃதாவது நொடிக்கு 5, நாளொன்றுக்கு 4,32,000. அச்சுகள் தேயாதிருக்க அவற்றின் முனைகள் செம்மணிக் கற்களில் பொருத்தப்படுகின்றன. முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்றிருப்பது இக்கற்களையே குறிக்கும். 1902இல் செயற்கைச் செம்மணி செய்யும் முறை வெளியானபின் இக்கற்கள் விலை மலிந்தன. எனவே கல்லின் எண்ணிக்கையைக் கொண்டு கடிகாரத்தை நகைபோல மதிப்பிடுதல் பிழையாகும்.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சப்பானிய செய்கோ நிறுவனம் குவார்ட்சு கைக்கடிகாரத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்சு கடிகாரங்களில் மின்கலத்தின் ஆற்றலால் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி வேண்டா, பிழையும் மிகக் குறைவு. இதன் விளைவாகச் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நிலைகுலைந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த தொழிலாளர் தொகை, 1980களின் இடைப்பகுதியில் மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கியது.

ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 86,400 நொடிகள். அவற்றுள் 10 நொடி பிந்தும் பழைய கடிகாரம், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே பிழை செய்கிறது. மின்சாரமின்றி, வில்லும் சக்கரமும் மட்டும் கொண்டு இந்த அளவு செம்மையை எய்திய மனித அறிவே ஆர்வலரை ஈர்க்கிறது எனலாம்.

நம் நாட்டுக் கைக்கடிகாரம்

விடுதலைக்குப் பின் மக்கள் வாங்கத்தக்க கடிகாரத்தை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்னும் நோக்குடன், அரசு நிறுவனமாகிய எச்.எம்.டி., சப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961இல் பெங்களூரில் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, பைலட், ஜவான், சோனா, காஞ்சன், கோஹினூர் என அதன் படைப்புகள் பெயர் பெற்றன. கண்பார்வையற்றோர் மூடியைத் திறந்து விரலால் தடவி மணியறியும் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தது. தேர்வில் வென்ற மகனுக்கும், மணக்கோலத்தில் அமர்ந்த மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் கடிகாரமே பரிசாக இருந்த காலம் அது. கடல் கடந்து பொருளீட்டிய நம் ஊரார் விடுமுறையில் திரும்புகையில் செய்கோ, சிட்டிசன் கடிகாரங்களைக் கொணர்ந்து உறவினர்க்கு அளித்ததையும் மூத்தோர் மறந்திரார்.

1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டான் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூரில் எழுந்த அதன் தொழிற்சாலை குவார்ட்சு கடிகாரங்களை அழகிய வடிவில் வழங்கியது. காலத்தை அறிவித்த எச்.எம்.டி. நிறுவனமோ காலத்தின் மாற்றத்தை உரிய நேரத்தில் உணரவில்லை. 2016 ஜனவரியில் அதன் கடிகாரப் பிரிவை மூட நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பின்னரும் அப்பெயரில் கடிகாரங்கள் விற்பனைக்கு வந்தன எனினும், பழைய பெருக்கம் மீளவில்லை. மூடப்படுகிறது என்ற செய்தி பரவியபின்தான், பரணிலும் பெட்டியிலும் கிடந்த ஜனதாவையும் பைலட்டையும் இளைஞர் தேடத் தொடங்கினர். இருக்கும்போது போற்றாமல் இழந்தபின் ஏங்குவது மனித இயல்பு போலும்.

காட்டி மகிழும் பண்பு

ஆர்வலர் இருவர் சந்தித்தால் ‘மணி என்ன?’ என்று கேட்பதில்லை, ‘கையில் என்ன?’ என்றே கேட்கின்றனர். புதிதாய் வாங்கியவர் அதனைக் கழற்றி மேசைமேல் மென்துணியில் வைக்கிறார். முகப்பின் குறுக்களவு, உள்ளிருக்கும் பொறியின் வகை, செய்யப்பட்ட காலம், யாரிடமிருந்து பெற்றது ஆகியன வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மற்றவர் அதனைக் காதருகே வைத்துத் துடிப்பைக் கேட்கின்றனர். விலை மட்டும் பெரும்பாலும் இறுதியில்தான் வெளிவருகிறது; இல்லத்தரசியாரிடம் சொல்லப்பட்ட விலை வேறொன்றாக இருப்பதும் உண்டு!

இதில் பெருமை பேசுதல் சிறிதும் இல்லை என்று கூற இயலாது. ஆயினும் அதற்கு அப்பாலும் ஒன்று உண்டு. ஒரு பொருளின் நுட்பத்தை அறிந்தவன், அறியவல்ல மற்றொருவனைத் தேடுகிறான். நல்ல பாடலொன்றைக் கண்ட தமிழாசிரியர், அதனைச் சொல்லிக் காட்ட ஓர் ஆளின்றி அன்றிரவு உறங்குவதில்லை. இரண்டும் ஒரே உள்ளத்தின் இருவேறு வெளிப்பாடுகளே.

இடைச்செருகல்

சுவடிகளைப் பதிப்பித்த டாக்டர் உ.வே.சா. அவர்கள், கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்து, பிற்காலத்தார் சேர்த்ததைப் பிரித்தறிந்த உழைப்பைத் தமிழ் மாணவர் அறிவர். கடிகார ஆர்வலரும் இதனையே செய்கின்றனர். பழைய கடிகாரங்களுக்கு மதிப்பு ஏறவே, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து, முகப்புத் தகட்டுக்குப் புதுவண்ணம் பூசி, பழையது என விற்போர் தோன்றினர். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட புதினத்தில், பிணங்களின் உறுப்புகளை இணைத்து ஓர் உருவத்தைப் படைத்த ஃபிராங்கன்ஸ்டைனின் பெயரால் இத்தகையவற்றை ‘ஃபிராங்கன்’ கடிகாரம் என்று ஆர்வலர் அழைக்கின்றனர். எழுத்துகள் கோணியிருத்தல், நிமிடக் கோடுகள் முள்ளோடு பொருந்தாமை, நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத வண்ணம் ஆகியன இடைச்செருகலைக் காட்டிக்கொடுக்கும் சான்றுகள்.

இதன் இழப்பை யான் நூலறிவால் மட்டும் கூறவில்லை. என் தந்தையார் 1974இல் வாங்கிய ஜனதா கடிகாரம் ஒன்று எங்கள் இல்லத்தில் இருந்தது. காலைத் தொழுகை முடித்து வந்ததும் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். மழைநீர் புகுந்ததால் நான்காம் எண்ணருகே பழுப்புக் கறை ஒன்று படிந்திருந்தது. 2009இல் அவர் மறைந்தபின் கடிகாரமும் நின்றுவிட்டது. இரண்டாண்டு கழித்து, ஓடவைத்து என் தாயாரிடம் தரலாம் என்றெண்ணிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து அது பளபளக்கும் புதிய முகப்புடன் வந்தது; ஓடவும் செய்தது. மகிழ்ச்சியோடு தாயாரின் கையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்திருந்தவர், “இது உங்க அத்தா வாட்சு இல்லையேப்பா” என்றார். மறுநாள் ஓடிச்சென்று கேட்டபோது, பழைய தகட்டைக் குப்பையில் போட்டுவிட்டதாக விடை கிடைத்தது. அவர்மேல் மட்டும் பழிசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘புதிதுபோல் ஆக்கித் தாருங்கள்’ என்று கேட்டவன் நானே.

சென்ற ஆண்டு, என்னிடம் பயின்று இன்று கடிகார ஆர்வலராக விளங்கும் முன்னாள் மாணவர் ஒருவர் தாம் புதிதாய் வாங்கிய பழைய பைலட்டைக் காட்ட இல்லம் வந்தார். நானும் எங்கள் கடிகாரத்தை எடுத்துவந்து நடந்ததைக் கூறினேன். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணாடிவில்லை கொண்டு அதன் உட்புறத்தை உற்றுநோக்கினார். “ஐயா, முகப்புத்தான் போயிற்று, இங்கே பாருங்கள்” என்றார். ஊசிமுனையால் கீறிய நுண்ணிய எழுத்துகள்: 81, 89, 96. கடிகாரத்தைச் செப்பனிடும்போது மூடியின் உட்புறத்தில் நாளையோ அடையாளத்தையோ கீறி வைப்பது அத்தொழிலாளர் மரபாம். என் தந்தையார் அதனை மூன்று முறை கொண்டுசென்றதற்குச் சான்று, அவரும் பார்த்திராத இடத்தில் இருந்தது. ஏட்டுச்சுவடியின் கடைசி ஓலையில், எழுதியவன் தன் பெயரும் நாளும் குறித்து வைக்கும் வழக்கமே என் நினைவுக்கு வந்தது.

மூடியைத் தாயாரிடம் காட்டினேன். அவருக்கு அவ்வெழுத்துகள் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆசையும் அளவும்

2017இல் நியூயார்க்கு ஏலத்தில், நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலெக்ஸ் டேடோனா கடிகாரம் ஒரு கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அதே வகைக் கடிகாரங்கள் வேறு பலவும் உண்டு. அணிந்தவரும், அவருக்கு அன்புடன் அளித்த மனைவியார் பின்புறத்தில் பொறித்த சொற்களுமே விலையை உயர்த்தின. பொருளின் மதிப்பு பொருளில் மட்டும் இல்லை என்பதற்கு இது தக்க சான்று.

இதனை உணராத இளைஞர் சிலர், புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் பொறித்த போலிகளை வாங்கி அணிகின்றனர். பிறர் உழைப்பின் பெயரைத் திருடிய பொருளை அணிந்து பெருமை தேடுவது, பிறர் கவிதையைத் தன் பெயரில் அச்சிடுவதை ஒக்கும். வேறு சிலர் தவணைக் கடனில் விலையுயர்ந்தவற்றை வாங்கி, மாதந்தோறும் கலங்குகின்றனர். ஓராண்டில் பத்துக் கடிகாரம் வாங்கி ஒன்றையும் அறியாதவரினும், ஒன்றை வாங்கி அதன் வரலாறு முழுவதும் அறிந்தவரே மேலான ஆர்வலர் என்பதை அத்துறையில் தேர்ந்தோரும் ஒப்புவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கைக்கடிகாரம் அணியாகத் தோன்றிக் கருவியாக வளர்ந்து, இன்று நினைவைத் தாங்கும் பொருளாக நிற்பதை அறிந்தோம். மெய்யையும் போலியையும் பகுத்தறிதல், பழையதைச் சிதைக்காமல் காத்தல், அறிந்ததைப் பகிர்தல் ஆகிய மூன்றும் ஆர்வலரிடம் நாம் கற்கத்தக்கவை. அவை ஆராய்ச்சி மாணவர்க்கும் உரியவையே.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் ஓடாத கடிகாரம் ஒன்று இருக்கக்கூடும். அதனைத் தேடி எடுங்கள். யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால், “ஓடினால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டா” என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தவறியவனின் வேண்டுகோள் இது.