வீட்டு ஏ.சி.: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம் தஞ்சைப் பகுதியில் இரண்டு பேருக்கு ஓய்வு கிடையாது. ஒருவர், புதுப் புளியும் மிளகாயும் இருப்பு வைக்க ஓடும் மளிகை வணிகர். மற்றவர் ஏ.சி. மெக்கானிக். இருவரும் சந்தித்தால் பெரும்பாலும் காதில் விழும் வார்த்தை இதுதான்: "கேஸ் குறைஞ்சிருக்கு அண்ணாச்சி, ஏத்திட்டா ஓடிடும்."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை மூன்று கோடைகள் நம்பினோம். கீழே கடை, மாடியில் குடியிருப்பு, அதற்கு மேல் வெயில் காயும் மொட்டைமாடி. 2010-இல் வாங்கிய ஒன்றரை டன் ஏ.சி. 2018, 2019, 2020 என மூன்று ஆண்டும் பணம் கொடுத்து கேஸ் ஏற்றினோம். 2021-இல் வேறொரு மெக்கானிக் வந்தார். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். வெளி யூனிட்டின் ஒரு நட்டில் குமிழி கிளம்பியது. குழாய் முனையைப் புதிதாக விரித்துப் பூட்டி, உள்ளே இருந்த காற்றை பம்ப் வைத்து இழுத்துவிட்டு, கேஸை எடைபோட்டு ஏற்றினார். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஏ.சி.யில் கேஸ் என்பது விளக்கில் எண்ணெய் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கடையில் ஒரு மூட்டையில் ஐந்து கிலோ குறைந்தால், எலியா, எடையா, தையல் பிரிந்ததா என்று பார்க்காமல் மேலும் ஐந்து கிலோ கொட்டி நிரப்புவோமா? மூன்று ஆண்டுகள் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஆகவே "மாற்றலாமா?" என்று கேட்பதற்கு முன் "எது கெட்டது?" என்று கேட்க வேண்டும். பல சமயம் எதுவுமே கெட்டிருக்காது. நெல் மண்டி, அரிசி ஆலை, சாக்குக் கிடங்கு பக்கத்தில் வெளி யூனிட் மாட்டிய வீடுகளில் உமித்தூசியும் சணல் நாரும் அதன் தகட்டு இடுக்குகளை அடைத்துவிடும். உள்ளே இழுத்த சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் நண்பகலில் மெஷின் தானே நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். அதே போல, கம்ப்ரசர் 'உம்' என்று முனகி நின்றால் கம்ப்ரசரே போய்விட்டது என்று அலற வேண்டாம்; சில நூறு ரூபாய்க் கெப்பாசிட்டராக இருக்கலாம். இத்தகைய பழுதுகளுக்கு மெஷினின் வயதையே பார்க்க வேண்டியதில்லை. சரி செய்து ஓட்டுங்கள்.

யோசிக்க வேண்டிய பழுதுகள் மூன்று: கம்ப்ரசர், காயில், எலக்ட்ரானிக் போர்டு. நம் பகுதியில் காயிலுக்கு இரண்டு பகைவர்கள். நாகை, வேதாரண்யம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்று. நகரத்துச் சந்துகளில் சாக்கடை வாயு. அது செம்புக் குழாயைக் கறுக்கச் செய்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போட்டுவிடும். வெளி யூனிட் சாக்கடைக்கு நேர் மேலே இருந்தால் புதுக் காயில் போட்டாலும் அதே கதி. இடத்தை மாற்றுவதுதான் முதல் பழுதுபார்ப்பு. போர்டுக்குப் பகைவன் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நின்று வரும் காலங்களில், வந்தவுடன் ஏ.சி.யைப் போடாமல் கொஞ்ச நேரம் பொறுப்பது நல்லது. பல்லியும் எறும்பும் போர்டுக்குள் புகுந்து ஷார்ட் ஆவதும் உண்டு. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

இனி கணக்கு. 2023 கோடையில் எங்கள் ஏ.சி.யின் உள்காயிலே கசிந்தது. பதின்மூன்று வயது. புதுக் காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் என்றார்கள். புது ஏ.சி. நாற்பதாயிரம், பழையதற்கு நாலாயிரம் கழித்தால் முப்பத்தாறாயிரம்.

பதினைந்தையும் முப்பத்தாறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் பழுது பார்க்கத்தான் சொல்வார்கள். அது தவறான தராசு. எத்தனை கோடைக்கு என்று வகுக்க வேண்டும். பழைய மெஷின் காயில் மாற்றினாலும் இன்னும் மூன்று கோடை ஓடினால் பெரிது என்று நினைத்தோம். அப்படியானால் கோடைக்கு ஐயாயிரம். புதியது பத்து ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு. அதே ஏ.சி.க்கு ஐந்து வயதாகி, பழுது பார்த்தால் ஆறு ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுதான். அப்போது பழுது பார்ப்பதே சரி.

இதோடு மின்சாரத்தைச் சேர்க்க வேண்டும். பழைய மெஷினைவிடப் புது இன்வர்ட்டர் ஏ.சி. மணிக்கு அரை யூனிட் குறைவாக எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினம் எட்டு மணி நேரம், 120 நாள் என்றால் 960 மணி. மிச்சம் 480 யூனிட். இதைச் சராசரி விலையில் பெருக்கக் கூடாது. விளக்கும் மிக்சியும் கீழ்ப்படி யூனிட்டைத் தின்றுவிடும், ஏ.சி. ஓடுவது மேல்படி யூனிட்டில். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தில், இரு மாதத்தில் 500 யூனிட் தாண்டிய வீட்டுக்கு அடுத்த நூறு யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய். பிறகு இன்னும் கூடியது. எட்டு ரூபாய்க்கே ஆண்டுக்கு 3,840 ரூபாய் ஆகிறது. ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும், 45 நாள் ஆறு மணி நேரம் போடுகிற வீட்டில் மிச்சம் 135 யூனிட்தான். "கரண்ட் பில்லிலேயே புது ஏ.சி. விலை வந்துவிடும்" என்று விற்பவர் சொல்வது அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

நட்சத்திர முத்திரையிலும் ஒரு நுணுக்கம். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள்; 2010-இன் ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல. நட்சத்திரத்தை எண்ணுவதைவிட முத்திரையில் அச்சிட்ட ஆண்டு யூனிட்டைப் பாருங்கள். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு; உங்கள் மணி நேரத்துக்கு நீங்களே குறைத்துக்கொள்ளலாம்.

பழைய ஏ.சி.களில் உள்ளது ஆர்-22 கேஸ். ஓசோன் படலத்தைக் காக்க ஏற்பட்ட 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் இதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள், 2025-இல் 67.5 சதவீதம் வெட்டு, 2030-இல் ஏறக்குறைய முழு நிறுத்தம், அதன் பின் பழுதுக்கு மட்டும் சிறு அளவு. வரத்து குறையும் சரக்கின் விலை எந்தப் பக்கம் போகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "அது கிடைக்கலை, ஆர்-32 போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். ஆர்-32-க்கு அழுத்தம் அதிகம், தீப்பற்றும் தன்மையும் உண்டு. பழைய மெஷின் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

இவ்வளவு பார்த்தும் நாங்கள் அந்தச் சித்திரையில் புது ஏ.சி. வாங்கவில்லை. காரணம் வட்டி. புளி வரத்து நேரத்தில் முப்பத்தாறாயிரத்தைச் சுவரில் மாட்டினால், கொள்முதலுக்கு அதே தொகையை வெளியில் எடுக்க வேண்டும். மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்றால் 540 ரூபாய். கார்த்திகை வரை ஏழு மாதத்துக்கு 3,780. கசிந்த இடத்தைப் பற்றவைத்துக் கேஸ் ஏற்ற இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். "ஒரு கோடைக்கு மேல் உத்தரவாதம் இல்லை" என்று மெக்கானிக் வெளிப்படையாகச் சொன்னார். எங்களுக்கும் ஒரு கோடைதான் தேவை. மாடி அறையில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அக்கினி நட்சத்திரத்தில் அவரை ஏ.சி. இல்லாமல் வைத்திருக்க முடியாது. இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தோம், கோடை கழிந்தது.

கார்த்திகையில் கடைக்காரருக்கு வியாபாரம் மந்தம். பொருத்தும் கூலியும் ஸ்டாண்டும் விலையிலேயே அடங்கின. அன்று வரி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, பின்னால் வாங்குபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கடைப் பேரில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்தச் சலுகை சட்டத்தில் இல்லை. வீட்டுப் பேரிலேயே பில் வாங்கினோம்.

புது வெளி யூனிட்டைச் சாக்கடைப் பக்கத்திலிருந்து எடுத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் வைக்கச் சொன்னோம். கூடுதல் குழாய்க்குத் தனியாகக் கேட்டார்கள், கொடுத்தோம். வாரன்ட்டி அட்டையில் கம்ப்ரசருக்கு எத்தனை ஆண்டு, காயிலுக்கு எத்தனை, போர்டுக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதி, கடை முத்திரை வைத்து வாங்கி, பேரேட்டோடு பத்திரப்படுத்தியிருக்கிறோம்.