உளுந்துக்கு ஊக்கி தெளிக்க பி.பி.எம். கணக்கு

உளுந்தில் பூ உதிர்வதைக் குறைக்க, என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கியை 40 பி.பி.எம். அளவில் பூக்கத் தொடங்கும் முன் ஒரு முறையும், 15 நாட்கள் கழித்து மறுமுறையும் தெளிக்கச் சொல்கிறோம். பி.பி.எம். என்றால் என்ன?

பத்து லட்சத்தில் ஒரு பங்கு. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஒரு பி.பி.எம். என்பது 1.4 சென்டிமீட்டர், 40 பி.பி.எம். என்பது ஒரு முழத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

தண்ணீரில் கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். ஆகவே லிட்டருக்கு 1 மில்லிகிராம் கலந்தால் 1 பி.பி.எம். 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 10 × 40 = 400 மில்லிகிராம் வேண்டும்.

இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். 400 மில்லிகிராம் என்பது ஊக்கியின் எடை. கடையில் வாங்கும் திரவத்தின் எடையன்று. புட்டியில் 4.5 சதம் என்று அச்சிட்டிருந்தால், ஒரு மி.லி.யில் சுமார் 45 மில்லிகிராம் ஊக்கிதான் உண்டு. 400ஐ 45ஆல் வகுத்தால் 8.9 வரும், 9 மி.லி. ஊற்றுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலானால் சுமார் 180 மி.லி. பிடிக்கும்.

புட்டி மூடியால் அளக்காதீர்கள்; ஊசி போடும் சிரிஞ்சு மலிவு, அளவும் சரியாக இருக்கும். கொஞ்சம் கூடினால் நல்லதுதானே என்ற எண்ணம் உரத்துக்கே பொருந்தாது, இதற்கு அறவே ஆகாது. ஆப்பிள் தோட்டங்களில் மிகுதியான பிஞ்சுகளை உதிர்க்கவும் இதே என்.ஏ.ஏ.வைத்தான் தெளிக்கிறார்கள்.

வேறு சதம் அச்சிட்ட புட்டியானால், அந்தச் சதத்தைப் பத்தால் பெருக்கி, வரும் எண்ணால் 400ஐ வகுத்துக்கொள்ளுங்கள்.