வேலை நம் உயரத்துக்கு வரட்டும்: பட்டறைகளுக்கான தூக்கு மேஜைகள்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். போசரி தொழிற்பேட்டையில் சொந்தமாகச் சிறு பட்டறை தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"சார், ஒரு லிஃப்ட் டேபிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். மூன்று கம்பெனிகள் கொட்டேஷன் கொடுத்திருக்கின்றன. மூன்றுமே ஒரு டன். விலை குறைந்ததை எடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

"நானும் 1994இல் இப்படித்தான் வாங்கினேன். அதனால்தான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

நம் சங்கக் குடும்பங்களில் பலர் புணே, பிம்ப்ரி, சாக்கன் பகுதிப் பட்டறைகளில் வேலை பார்க்கிறவர்கள். சிலர் பட்டறை நடத்துகிறவர்கள். அவருக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதுகு போடும் கணக்கு

முதலில், இந்த மேஜை எதற்கு? நாம் குனிந்து சுமையிடம் போவதற்குப் பதில், சுமை உயர்ந்து நம்மிடம் வருவதற்கு. அவ்வளவுதான்.

குனிந்து 20 கிலோ எடையைத் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடை நம் இடுப்பு எலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் முதுகுத் தசைகளோ எலும்புத் தட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. நெம்புகோல் கணக்குப்படி அந்தத் தசைகள் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த நம் உடம்பின் எடை இதில் சேரவில்லை. இதை ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்கிறவருக்கு நாற்பது வயதில் இடுப்பு வலி வந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த சூத்திரம் ஒன்று உண்டு. எல்லாம் சாதகமாக இருந்தால் கையால் தூக்க அது ஒப்புக்கொள்ளும் உச்ச அளவு 23 கிலோ. சாதகம் என்றால் சுமை 75 செ.மீ. உயரத்தில், உடம்பிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதே சுமை தரையில், 50 செ.மீ. தள்ளி இருந்தால் இந்த இரண்டு காரணங்களால் மட்டுமே அளவு 9 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆள் மாறவில்லை, சுமை இருக்கும் இடம்தான் மாறியது. இதைத்தான் தூக்கு மேஜை சரிசெய்கிறது.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவே, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ எவரையும் பணிக்கக்கூடாது என்று விதித்தது. ஆகவே இது முதலாளி காட்டும் கருணை அல்ல, அவருடைய கடமை.

கத்தரிக் கால்கள்

பழைய மும்பைக் கட்டிடங்களின் லிஃப்டில், பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய இரும்பு இழுப்புக் கதவைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெருக்கல் குறியை மட்டும் வெட்டியெடுத்து, மேலே ஒரு தட்டும் கீழே ஒரு சட்டமும் வைத்தால் அதுதான் தூக்கு மேஜை. கால்களின் ஒரு பக்க முனைகள் கீலில் நிற்கும். மறுபக்க முனைகள் உருளைகளில் நகரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சிலிண்டர் கால்களைத் தள்ளி நிமிர்த்த, தட்டு மேலே போகும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. காலின் அடிமுனையைக் கிடையாக இழுத்துத் தூக்குவதாகக் கணக்கிட்டால், கால்கள் 45 பாகை சாய்வில் இருக்கும்போது 1,000 கிலோவைத் தூக்க 1,000 கிலோ விசை போதும். மேஜை படுத்து, கால்கள் 10 பாகையில் இருக்கும்போது அதே சுமைக்குச் சுமார் 5,670 கிலோ விசை வேண்டும். சிலிண்டரைச் சாய்வாகப் பொருத்தி இதைக் குறைக்கிறார்கள். என்றாலும் கிளம்பும்போதுதான் கஷ்டம் அதிகம் என்பது மாறாது. ஆகவே சுமை ஏற்றிய மேஜை கீழிருந்து கிளம்ப மறுத்தால், அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். அழுத்தம் காக்கும் வால்வை முறுக்கிக் கிளப்புவது எமனுக்குக் கடிதம் போடுவது மாதிரி.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று, எடை எவ்வளவு, அது எங்கே உட்காரும்? ஜாப், பேலட், பொருத்தும் சட்டங்கள் எல்லாம் சேர்த்து எடை போடுங்கள். கேட்டலாக்கில் போட்டிருக்கும் "ஒரு டன்" தட்டு முழுதும் சமமாகப் பரவிய சுமைக்குத்தான். பக்கவாட்டிலிருந்து உருட்டி ஏற்றினால் ஒரு கணம் முழு எடையும் ஓரத்தில் நிற்கும். ஓரத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கிய ஒரு டன் மேஜையில் 850 கிலோ டையைப் பக்கவாட்டில் ஏற்றினோம். ஓரம் அமிழ்ந்து தட்டு சாய்ந்தது. டை விழாமல் நின்றது நாங்கள் செய்த புண்ணியம்.

இரண்டு, உயரம் எவ்வளவு? வேலை செய்கிறவரை நிற்க வைத்து, முழங்கை உயரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சாதாரண வேலை அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பலம் கொடுத்துச் செய்யும் வேலை இன்னும் கீழே. கூர்ந்து பார்க்கும் நுண்வேலை முழங்கைக்குச் சற்று மேலே. வீட்டுச் சமையல் மேடை மாமியாருக்குச் சரியாக இருந்து மருமகளுக்குத் தோள் வலி தருவது இதனால்தான். மேடையை மாற்ற முடியாது. மேஜையை ஏற்றி இறக்கலாம்.

மேஜை முழுதும் இறங்கியபின் உள்ள உயரத்தையும் கேளுங்கள். அது 20 செ.மீ., அதன்மேல் பேலட் 15 செ.மீ., அதன்மேல் ஐந்து அடுக்குப் பெட்டிகள் ஒரு மீட்டர் என்றால், மேல் அடுக்கு 135 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். அப்போது தரையில் குழி வெட்டி மேஜையை உள்ளே இறக்க வேண்டும், அல்லது தாழ்வான வகை வாங்க வேண்டும்.

மூன்று, தட்டின் அளவு என்ன? பேலட் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு ஜோடிக் கத்தரி மேஜை உயரும் தூரம் தட்டின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் இரட்டைக் கத்தரி வேண்டும். அதில் ஆட்டம் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

நான்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஐந்தாறு தடவை என்றால் காலால் மிதிக்கும் பம்ப் போதும். இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டுமென்றால் மின்மோட்டார் வேண்டும். அந்த வேகத்துக்கு அது சூடேறாமல் தாங்குமா என்றும் கேளுங்கள். பெட்டி எடுக்க எடுக்கத் தானாக உயரும் ஸ்பிரிங் வகையும் உண்டு. அதற்கு மின்சாரமே வேண்டாம்.

ஐந்து, எந்த இடத்தில் நிற்கப் போகிறது? ஃபவுண்டரி மண், தண்ணீர் கழுவல், பெயின்ட் புகை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு தேவை. தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் சாதாரண மோட்டாரும் சுவிட்சும் வைக்கவே கூடாது.

நான் அடித்துவிட்ட வரி

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்கு இன்றும் கை தயங்குகிறது.

தட்டின் அடியில் நாலு பக்கமும் ஒரு பட்டை ஓடும். மேஜை இறங்கும்போது கால் பட்டாலோ பெட்டி இடித்தாலோ அந்தப் பட்டை உள்ளே அமுங்கி, இறக்கத்தை உடனே நிறுத்திவிடும். எனக்கு வந்த கொட்டேஷனில் அதற்குத் தனி விலை போட்டிருந்தார்கள். "இது வேண்டாம்" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். சுவிட்சும் ஒரு தடவை தட்டினால் முழுதும் இறங்குகிற வகை.

வாங்கி எட்டு மாதம் இருக்கும். இயக்கியவர் சுவிட்சைத் தட்டிவிட்டு ஸ்பேனர் எடுக்கத் திரும்பினார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹெல்பராகச் சேர்ந்திருந்த பையன் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தான். காலில் ரப்பர் செருப்பு. இரண்டு விரல்கள் போயின. அவன் அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதியதும் நான்தான். அடித்த வரியைப் பற்றி அதில் எழுதவில்லை.

ஆகவே இவற்றில் பேரம் பேசாதீர்கள்: அடிப்பட்டை, விரலை எடுத்தவுடன் மேஜை நின்றுவிடும் சுவிட்ச், எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் தட்டு தொப்பென்று விழாமல் தடுக்க, சிலிண்டரிலேயே பொருத்திய வால்வு, பழுது பார்க்கும்போது தட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தும் இரும்புத் தாங்கி. ஐரோப்பாவில் தூக்கு மேஜைகளுக்கென்றே ஈ.என். 1570 என்ற தர விதி இருக்கிறது. உங்களுக்கு விற்கும் மேஜை எந்த விதிப்படி செய்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

மேஜை வந்தபிறகு மூன்று விதிகளைச் சுவரில் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். மேஜைமேல் ஆள் ஏறக் கூடாது. ஆளை ஏற்றும் மேடை வேறு. பாதுகாப்புப் பூட்ஸ் இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது. சுமையை இறக்கிவிட்டுத் தாங்கியை முட்டுக்கொடுக்காமல் தட்டின் அடியில் கையோ தலையோ நுழையக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, தட்டைத் தாங்குவது எண்ணெய்தான்.

அந்த இளைஞர் கொட்டேஷன்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இப்போது என்ன செய்யட்டும், சார்?" என்றார்.

"நாளைக்கு ஒரு ஷிப்ட் முழுதும் வேலையாட்கள் பக்கத்தில் நில்லுங்கள். யார் எங்கே குனிகிறார், எத்தனை தடவை குனிகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கொட்டேஷனைப் பிரித்துப் பாருங்கள். எது வேண்டும் என்று தாளே சொல்லும்" என்றேன்.

மற்ற நண்பர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு காலையில் சங்க நூலகத்துக்கு வரலாம். வரும்போது உங்கள் பட்டறைக் கணக்கோடு வாருங்கள்; சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.