விளம்பரம் உறுத்தக் கூடாது, ஒளியவும் கூடாது!

2018 முதல் தமிழ்த் தளங்களிலும் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் போடலாம். அதைத் தளத்தின் அழகு கெடாமல், விதி மீறாமல் அமைக்கச் சில குறிப்புகள்:

* நிறம்: பட்டியலுக்கு நடுவே வரும் ‘இன்ஃபீட்’ விளம்பரத்தில் எழுத்துரு, பின்னணி நிறம் இரண்டையும் தளத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஆனால், செய்தி எது, விளம்பரம் எது என்று பார்த்ததுமே தெரிய வேண்டும்.

* தலைப்பு: விளம்பரத்துக்கு மேல் ‘விளம்பரம்’ என்றே போடுங்கள். ‘தொடர்புடைய செய்திகள்’, ‘பயனுள்ள இணைப்புகள்’ என்று போட்டால் அது விதிமீறல்.

* படம்: ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பக்கத்தில் ஒரு படம் வைத்து, இரண்டும் ஒன்றே என்று நினைக்க வைக்கக் கூடாது.

* இடைவெளி: மெனு, டவுன்லோடு பட்டன் அருகில் விளம்பரம் வேண்டாம். கை தவறி விழும் கிளிக்குகள் கணக்குக்கே ஆபத்து.

* இடம்: விளம்பரப் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரத்தை சிஎஸ்எஸ்-இல் முன்பே ஒதுக்கிவிடுங்கள். விளம்பரம் தாமதமாக வந்தாலும் படிக்கும் வரி கீழே குதிக்காது.

* அளவு: மொபைலில், கட்டுரைப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருக்கக் கூடாது என்கிறது ‘பெட்டர் ஆட்ஸ்’ தரநிலை.

* கிளிக்: சொந்த விளம்பரத்தை நீங்களும் கிளிக் செய்யாதீர்கள், ‘கிளிக் செய்து ஆதரவு தாருங்கள்’ என்று யாரிடமும் கேட்காதீர்கள்.

ஏமாந்து கிளிக் செய்த வாசகர் மறுபடி வரமாட்டார். நம்பி வருகிறவர்தான் நிலையான வருமானம்.