எங்கள் தெருவுக்கு எந்த மரம்?



பிப்ரவரி மாதத்தில் மாமா பட்டு நூல் வாங்கப் பெங்களூர் போனபோது நானும் கூடப் போனேன். கப்பன் பூங்கா பக்கம் ஆட்டோ திரும்பியதும் ஒரு மரம், ஒரு இலைகூட இல்லாமல் முழுக்க ரோஜா நிறமாய்ப் பூத்து நின்றது. "செர்ரி மரம்டா, ஜப்பான்ல இருந்து வந்தது" என்றார் மாமா. ஆரணி திரும்பும்வரை எனக்கு ஒரே நினைப்பு: இதை நம்ம தெருவில் வைத்தால் என்ன? நூலகத்தில் தேடிப் பார்த்தேன். முதலில் தெரிந்த சங்கதி, அது செர்ரியே இல்லை!

அதன் பெயர் டபேபுயா ரோசியா. பிறந்த இடம் மத்திய அமெரிக்கா. பூவின் நிறத்தைப் பார்த்து எல்லாரும் செர்ரி என்கிறார்கள், அவ்வளவுதான். நிஜமான ஜப்பானியச் செர்ரிக்குக் குளிர்காலம் வேண்டும். அதன் மொக்கு கோடையிலேயே உருவாகித் தூங்கிவிடும். பல வாரம் நல்ல குளிர் பட்ட பிறகுதான் விழிக்கும். நம் ஆரணியோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர். மார்கழிப் பனியெல்லாம் அதற்குப் போதாது. நம் நாட்டில் ஷில்லாங்கில் இமயமலைக் காட்டுச் செர்ரி நவம்பரில் பூக்கிறது. 2016 முதல் அதற்கு விழாவும் எடுத்தார்கள். அது மலை ஊர்.

குளிர் இருந்தாலும் அவசரப்படக் கூடாது. டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய 2,000 செர்ரி மரங்கள் 1910-இல் வாஷிங்டன் வந்து சேர்ந்தன. பூச்சியும் நோயும் இருந்ததால் அத்தனையையும் எரித்துவிட்டார்கள். பிறகு 1912-இல் 3,020 மரங்கள் வந்து சேர்ந்தன. கன்று வாங்கும்போது வேரையும் தண்டையும் பார்க்காமல் வாங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பெங்களூருக்கு வருவோம். க்ரும்பிகல் என்ற ஜெர்மானியர் 1908-இல் மைசூர் அரசின் அழைப்பில் லால்பாக் தோட்டத்துக்கு வந்தார். ஒரு சாலையில் பூ முடியும்போது இன்னொரு சாலையில் தொடங்க வேண்டும், வருஷம் முழுக்க ஊரில் எங்காவது பூ இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கிருந்து வந்த மரமாக இருந்தாலும் அந்த ஊர் மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார். பின்னால் 1980-களில் நெகின்ஹால் என்ற வன அதிகாரி அங்கே சுமார் 15 லட்சம் மரங்கள் நட ஏற்பாடு செய்தார். குட்டிக் கன்றாக வைக்காமல், நர்சரியிலேயே உயரமாக வளர்த்து, கூண்டு கட்டி நட்டார்கள். நாங்கள் ஒரு விழாவில் நட்ட கன்றுகளை ஆடு தின்ற கதையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம்.

சரி, எங்கள் தெரு? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். சர்வே பாடத்தில் படித்த தைரியத்தில் டேப்பைப் பிடித்துத் தெருவை அளந்தேன். அகலம் 22 அடி. மின்கம்பி மேற்கு ஓரம் போகிறது. கிழக்கு ஓரம் 15 அடிக்கு ஒரு சரக்கொன்றை என்று படம் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவு எங்க நீட்டுறது?" என்றார்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது தோன்றவில்லை பாருங்கள். மூன்று சேலைக்கான பாவு ஏறக்குறைய 60 அடி. விடியற்காலையில் தெரு நடுவில் நீட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்போம். "ஈரத்துல பூ விழுந்து கறை பட்டா அந்தச் சேலைக்கு யார் கூலி தருவா?" என்று கேட்டார். பதில் இல்லை.

கழிவுப் பட்டு நூலில் கஞ்சி தடவி, பல மரத்துப் பூக்களைப் போட்டுக் காயவைத்துப் பார்த்தேன். கொன்றை இதழ் பட்ட இடத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது. பொரி மாதிரி உதிர்கிற புங்கம்பூ, தட்டினால் போய்விட்டது. இன்னொன்றும் கவனித்தேன். கொன்றை சித்திரையில் அழகுதான், ஆனால் அப்போது இலை குறைவு. எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. மதியம் மூன்று மணி வெயில் நேரே தறிக்கு வரும். காற்று காய்ந்தால் இழை மொறுமொறுத்து அறும். அறுந்ததைப் பிணைத்துப் பிணைத்தே அம்மாவுக்குக் கண் எரியும். புங்கன் கோடை முற்றுவதற்குள் புதுத் தழை விட்டு அடர்ந்துவிடும். தறிக்கு வேண்டியது அந்த நிழல். கொன்றையைத் தெருமுனைக் காலி இடத்தில் வைக்கலாம். மயில்கொன்றை வேண்டாம், மேலோடு வேர், பலத்த காற்றில் சாயும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குழி மூன்றுக்கு மூன்றுக்கு மூன்றடி இருக்கட்டும். தண்டு ஒட்டிக் கான்கிரீட் போடாதீர்கள். வேருக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் போகணும். ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். அடுத்த இரண்டு கோடைக்கு நாம்தான் ஊற்ற வேண்டும்.

15 அடிக்கு ஒன்று என்ற என் படம் போய், இப்போது எங்கள் வரிசைக்கு நாலே புங்கன்தான். போன ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பில் குறி போட்டேன். அப்பா வந்து, முதல் குறியைக் காலால் அழித்து, அரை அடி தள்ளிக் காட்டினார்.

"இங்க தோண்டு. அங்க பாவு கட்ட முளை அடிக்கணும்."